ரெக்சன் இறங்க மறுத்த நாள்

மணல்தோட்டத்தில் பந்து ஆடத் தெரிந்தவர்களைவிட, பந்தை எப்படி ஆட வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் அதிகம். அந்தக் கடற்கரை ஊரின் விண்மீன் கால்பந்துக் கழகத்துக்கு மானேஜராக இருப்பது என்றால், ஊரிலுள்ள மூவாயிரம் மானேஜர்களுக்கும் ஒற்றை ஆளாகப் பதில் சொல்வது என்று அர்த்தம். கிளீட்டஸ் ஆறு வருஷமாக அந்த வேலையைப் பார்த்து வந்தார். வயது ஐம்பத்தொன்று. அதுவரை அவருக்கு அதில் பெருமைதான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் முதல் தடவையாகப் பயம் வந்தது.

சாதாரணப் பயம் இல்லை. தன் வீட்டுக் கூரையைத் திரும்பித் திரும்பிப் பார்க்க வைக்கிற பயம்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு இறுதி ஆட்டம். எதிரணி பக்கத்து ஊர் கொச்சுதுறை. பதினோரு வருஷமாக மணல்தோட்டம் அவர்களை ஜெயித்ததில்லை.

விண்மீன் கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் உள்ள நாளில் காலைப் பூசை முடிந்ததும் சிலுவை நட்ட குருசடிக்கு முன்னால் பந்தை வைப்பார்கள். கேப்டன் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவான். பேருக்கு உரியவன் வந்து பந்தின் மேல் வலது காலை வைத்து, "உண்டு" என்பான். கடலுக்குப் போனவன் இன்னும் கரை சேரவில்லை என்றால் அவன் வீட்டு ஆள் யாராவது வந்து அவனுக்காகச் சொல்லலாம். குருசடி முன்னால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்தவன் அந்த ஊரில் அதுவரை கிடையாது.

அன்று காலை கேப்டன் ரெக்சனின் பேரைக் கூப்பிட்டான். ரெக்சன் நின்ற இடத்திலேயே நின்றான்.

அந்தப் போட்டியில் மட்டும் ஒன்பது கோல் அடித்தவன் ரெக்சன். இருபத்து நாலு வயது. அவன் ஓடினால் மணல் கூடத் தாமதமாகத்தான் எழும்பும் என்று ஊரில் சொல்வார்கள். கேப்டன் இரண்டாவது தடவை கூப்பிட்டான். மூன்றாவது தடவையும் கூப்பிட்டான். பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது.

கிளீட்டஸுக்குப் பழைய மானேஜரின் நினைவு வந்தது. ஊருக்குப் பிடித்த ஆட்டக்காரனை அரையிறுதியில் வெளியே உட்கார வைத்த பாவத்துக்கு, அந்த மனிதர் வீட்டுக் கூரையில் ஒரு ஓடுகூட மிஞ்சவில்லை. இப்போது நாகர்கோவிலில் வாடகைக்கு இருக்கிறார். டிவியில் பந்தாட்டம் வந்தால் எழுந்து போய்விடுகிறாராம்.

கிளீட்டஸ் முன்னால் போனார். பந்தின் மேல் தன் காலை வைத்தார். "ரெக்சன் உண்டு," என்றார்.

அவர் ரெக்சனுக்கு வீட்டு ஆளும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அதை யார் கவனித்தார்கள்? கூட்டம் சந்தோஷத்தில் கத்தித் தீர்த்தது. ரெக்சன் அவரை ஒரே ஒரு முறை பார்த்தான். "எனக்கு முடியாது," என்றான்.

கமிட்டிக்காரர்கள் அவனைக் கழக அறைக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தார்கள். வாசலில் இரண்டு தடியர்கள். பாதுகாப்புக்கு என்று சொன்னார்கள். யாரை யாரிடமிருந்து பாதுகாக்க என்று யாரும் கேட்கவில்லை. கமிட்டித் தலைவர் ஒரு தாளைக் கொண்டுவந்து கிளீட்டஸின் சட்டைப் பையில் திணித்தார். ரெக்சனுக்கு இரண்டு வருஷத் தடை. மானேஜரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அது விழுந்தால் மாவட்டத்தில் எந்த அணியும் அவனைத் தொடாது. அடுத்த மாதம் போலீஸ் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். ரெக்சன் மூன்று வருஷமாகக் காத்திருந்தது அதற்காகத்தான். அதுவும் போய்விடும்.

"முதல்ல காட்டு. கண்டாலே எறங்குவான்," என்றார் தலைவர். "எறங்கல்லண்ணா கையெழுத்துப் போட்டுரு."

கிளீட்டஸ் கழக அறைக்குப் போகவில்லை. மைதானத்துக்குப் போனார்.

ஜெசிந்தா டீச்சர் அங்கே கோடு போட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர். மாநில அணிக்கு ஆடியவர். கழகத்துப் பையன்கள் அத்தனை பேருக்கும் பந்தைத் தொடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். ஆனாலும் ஆண்கள் ஆட்டத்தில் அணியோடு பெஞ்சில் ஒரு பெண் உட்காருவதைக் கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை. கோடு போடலாம், கோட்டுக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது. கமிட்டியின் நியாயம் அப்படி. கிளீட்டஸ்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் வெட்கத்தை விட்டு, தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரிடம் போய், "எனக்கும் சொல்லித் தாருங்க டீச்சர்," என்று நின்றவர். ஊர் சிரித்தது. அவர் கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து சிக்கல் வந்து முட்டுப்பட்ட போதெல்லாம் டீச்சரிடம்தான் வந்து நிற்பார்.

டீச்சர் குனிந்தபடி சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். கிளீட்டஸ் கோட்டை மிதிக்காமல் பக்கத்திலேயே நடந்தார்.

"டீச்சர், ஆட மாட்டேங்கிற ஆட்டக்காரன ஒரு கிளப்பு என்ன செய்யணும்?"

டீச்சர் நிமிரவில்லை. "சொல்ல மாட்டேன்," என்றார்.

கிளீட்டஸ் சிரிக்கப் பார்த்தார். "விளையாடாதிய டீச்சர். நேரம் இல்ல. மணி ஒண்ணே முக்கால்."

"சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்லல்லண்ணா வேற யாரு சொல்லுவா? ஆறு வருசத்துல ஒரு தடவ இப்பிடிச் சொல்லியிருக்கியளா?"

டீச்சர் கோட்டைத் தொடர்ந்தார். வாளியில் தூள் குறைந்தது. மூட்டையிலிருந்து அள்ளி நிரப்பிக்கொண்டார். பாதிக் கோடு முடிந்திருந்தது.

பயம் கோபமாக மாறுவதற்கு அதிக நேரம் ஆகாது. "கமிட்டி யாருக்க கையில இருக்குண்ணு தெரியுமில்லியா?" என்றார் கிளீட்டஸ். "உங்க பொம்பளப் பிள்ளையளுக்குச் சனிக்கிழம கிரவுண்டு குடுக்காண்டாம்ணு ஏற்கெனவே பேச்சு இருக்கு. நானாக்கும் தடுத்து வச்சிருக்கேன். நான் கைய எடுத்தா தெரியும்."

சொன்ன பிறகு அவருக்கே நாக்குக் கசந்தது. தூள் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது.

"சரி, அத விடுங்க. இன்னைக்கு உங்களப் பெஞ்சுல உக்கார வைக்கேன். தலைவருட்ட நான் பேசுதேன். போதுமா?"

"..."

"இந்த ஊரு உங்களுக்கு எம்புட்டுச் செஞ்சிருக்கு! இப்போ ஊருக்கு ஒரு முட்டு வரும்போ வாய மூடிட்டு நிக்கிய. நல்லாயிருக்கா இது?"

"..."

தூரத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள் சரிபார்க்கும் சத்தம் கேட்டது. பெரிய மேளத்தை யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள். அது கிளீட்டஸின் நெஞ்சில் விழுந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். கைகூப்பினார்.

"உங்க காலப் பிடிக்கேன் டீச்சர். எனக்கு ரெண்டு மகளு உண்டு. எனக்க வீட்ட நினைச்சுப் பாருங்க."

டீச்சர் மூலைக்கு வந்து சேர்ந்திருந்தார். வாளியைக் கீழே வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

கிளீட்டஸிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை. மிரட்டியாயிற்று, ஆசை காட்டியாயிற்று, குத்திக் காட்டியாயிற்று, கெஞ்சியாயிற்று. வெறும் வாயோடு டீச்சரை அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் டீச்சர்?" என்றார்.

டீச்சர் அவருக்கு எதிரே மணலில் உட்கார்ந்தார். "பயமாட்டு இருக்கு அண்ணே."

"உங்களுக்கா? எதுக்கு?"

"நான் ஒண்ணு சொன்னா அத அப்பிடியே கொண்டு போய் அவன் தலையில போடுவிய. 'டீச்சரே சொல்லியாச்சு'ண்ணு சொல்லுவிய. பொறவு அவனுக்கு வாயத் தொறக்கவே வழியிருக்காது. அந்தப் பயம்."

கிளீட்டஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்த 'ஏன்'ங்கிற கேள்வி உங்க வாயில வர, நான் ஒரு கோடு முழுசும் போட வேண்டியிருந்துது," என்றார் டீச்சர். "அவங்கிட்ட யாராவது கேட்டாவளா?"

கிளீட்டஸ் நினைத்துப் பார்த்தார். தலைவர் கத்தினார். கேப்டன் கெட்ட வார்த்தை சொன்னான். பாதர் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார். அவன் அம்மை அழுதாள். தான் என்ன செய்தோம் என்பதை நினைக்க அவருக்குத் துணிவு வரவில்லை.

எழுந்து கழக அறையைப் பார்த்து நடந்தார்.

வாசலில் நின்றவர்களை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தலைவரு கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்கலே," என்றார். அவர்கள் போனதும் உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினார்.

பழைய பூட்ஸும் வியர்வையும் கலந்த வாடை. கிழிந்த கோல் வலைகளின் குவியலில் சாய்ந்து ரெக்சன் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் கண் முதலில் போனது அவருடைய சட்டைப் பைக்குத்தான்.

"பேப்பரு கொண்டு வந்தியளா மாமா?"

"அது கிடக்கட்டு. ஏன் மக்கா எறங்க மாட்டேங்குத?"

ரெக்சன் நம்பாமல் பார்த்தான். இதற்குப் பின்னால் வேறு என்ன வரப்போகிறது என்று காத்திருப்பவன் மாதிரி இருந்தான். ஒன்றும் வரவில்லை. கிளீட்டஸ் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். நேரம் போயிற்று. வெளியே பேண்டு ஒரு பாட்டைத் தொடங்கி, பாதியில் விட்டு, மறுபடி தொடங்கியது.

"எனக்க அண்ணன் டார்வின் எப்பிடிச் செத்தாண்ணு தெரியுமா மாமா?"

"வெயிலு. கடலுல வலய வலிச்சு இழுக்கும்போ மயங்கி விழுந்தான்."

"வெயிலு இல்ல. அதுக்கு ஒரு மாசம் முந்தி எங்கிட்ட சொன்னான். ஓடுனா நெஞ்சுக்குள்ள மீனு கிடந்து துடிக்குதுலேண்ணான். கண்ணு இருட்டுதுண்ணான்."

"நீ என்ன சொன்ன?"

"சிரிச்சேன்."

ரெக்சன் வலையின் ஒரு கண்ணியில் விரலை விட்டு இழுத்துக்கொண்டிருந்தான்.

"செமி பைனல்ல ரெண்டாவது கோலு போட்டேன் இல்லியா. அப்போ எனக்கும் துடிச்சுது. எல்லாரும் எம்மேல விழுந்து கட்டிப் பிடிக்காவ. எனக்கு ஒருத்தரையும் காண முடியல்ல. கூட்டம், கடலு, எல்லாம் கறுப்பாட்டுப் போச்சு. நீங்ககூட வந்து முத்தம் தந்திய மாமா. யாருண்ணு தெரியாம நின்னேன்."

அந்தக் கோலுக்குத் தான் குதித்த குதி கிளீட்டஸுக்கு நினைவுக்கு வந்தது. அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றியது நினைவுக்கு வந்தது. அவனும் கை ஆட்டினான். கண் தெரியாமலே ஆட்டியிருக்கிறான்.

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போவோம். நான் கூட வாறேன்."

"டாக்டர் ஆடப்பிடாதுண்ணு எழுதிட்டாருண்ணா போலீஸ் டீமு?"

கிளீட்டஸ் தாள் இருந்த சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"யாருட்டயும் சொல்லப்பிடாது மாமா. நீங்க சத்தியம் செய்யணும். அம்மைக்குத் தெரிஞ்சா அவளும் போயிருவா. ஒரு மகன ஏற்கெனவே குடுத்தாச்சு."

"சொல்ல மாட்டேன். எனக்க பிள்ளையளாண சொல்ல மாட்டேன்."

ரெக்சன் முகத்தைத் தோளில் துடைத்தான். பிறகு, கிளீட்டஸ் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தான். மூலையில் கிடந்த தன் பூட்ஸை இழுத்துக் காலில் மாட்டினான்.

"என்ன செய்யுத?"

"நீங்க கேட்டியளே, அது போதும். ஒரு மணிக்கூறு ஆட்டம்தானே மாமா. ஒருவேள ஒண்ணும் வராது. நீங்க எறங்குண்ணு சொன்னா எறங்குதேன்."

கயிற்றைக் கட்டப் பார்த்தான். முடிச்சு அவிழ்ந்து அவிழ்ந்து போயிற்று.

கிளீட்டஸ் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும். வீட்டுக் கூரை பிழைக்கும். மகள்கள் நாளைக்குத் தலைநிமிர்ந்து தெருவில் நடப்பார்கள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு கப்பு வரும். அவன்தானே இறங்குகிறேன் என்கிறான்? ஒருவேளை ஒன்றும் வராது. ஒருவேளை ஒன்றும் வராது. மூன்றாவது தடவை அதை நினைத்தபோது, தான் அதை நம்பத் தொடங்கிவிட்டது அவருக்குத் தெரிந்தது. காலையிலிருந்து எத்தனையோ பயம் பட்டிருந்தார். தன்னைக் கண்டு பயந்தது அப்போதுதான்.

"இரு. நான் வாற வரைக்கும் எங்கயும் போவாத," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மணி நாலு ஆகியிருந்தது. மைதானத்தின் கிழக்குப் பக்கம் கூட்டம் வந்து நிறைந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ரெக்சனின் படம் போட்ட தட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவரைக் கண்டவர்கள் எல்லாம், "ரெக்சன் ரெடியா? ரெக்சன் ரெடியா?" என்று கத்தினார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லாமல் கூட்டத்துக்குள் புகுந்து போனார்.

டீச்சர் மேற்கு மூலையில் கொடிக்கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்.

"கேட்டேன் டீச்சர்," என்றார் கிளீட்டஸ். மூச்சு வாங்கியது. "சொன்னான். அவனுக்கு வந்து…"

"எங்கிட்ட சொல்லாண்டாம். உங்ககிட்ட இல்லியா சொன்னான்."

கிளீட்டஸ் வார்த்தையை விழுங்கினார்.

"இப்போ எறங்குதேங்கான். பூட்சு மாட்டிட்டு இருக்கான். நான் ஒரு வார்த்த சொன்னா எறங்குவான். இனி என்ன செய்யணும்?"

"எறங்கலாமா?"

"எறங்கப்பிடாது."

"அவனா எறங்குதேங்கான். எறக்குதது யாரு?"

"நான்."

"அப்போ இனி மறுக்க வேண்டியது நீங்க."

கிளீட்டஸ் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். தலைவர் மேடையில் ஏறி மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்தவர்கள். ஒருவன் அவருடைய மச்சினன். பழைய மானேஜர் வீட்டில் முதல் கல்லை எறிந்தவனும் அவன்தான்.

"காரணம் கேப்பாவளே டீச்சர். சொல்ல மாட்டேன்னு சத்தியம் செஞ்சிருக்கேன்."

"காலையில அவன் என்ன சொன்னான்?"

"முடியாதுண்ணான்."

"அதையே சொல்லுங்க."

"குருசடியில உண்டுண்ணு சொன்னது நான். அத நானே இல்லேண்ணு சொல்லணும். ஊரு என்ன விடுமா?"

"விடாது."

ஆறுதலாக ஒரு பொய்யாவது சொல்லுவார் என்று கிளீட்டஸ் எதிர்பார்த்திருந்தார். டீச்சர் கம்பத்தைச் சுற்றி மணலைக் காலால் மிதித்து இறுக்கினார். காற்றில் கொடி படபடத்தது. மைக்கில் கிளீட்டஸின் பேரைக் கூப்பிட்டார்கள். பதினோரு பேரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

"எனக்குப் பயமாட்டு இருக்கு டீச்சர்," என்றார்.

"இருக்கும்," என்றார் டீச்சர். "காலையில அவன் ஒத்தைக்கு நின்னான் அண்ணே. இப்போ நீங்களும் போய் நின்னா ரெண்டு பேரு."